நான் கண்ட கொழும்பு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. தாவரவியல் மாணவர்

ஊர்களில் இரண்டு வகை உண்டு. ஒருமுறை பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் போதும் என்று தோன்றுபவை ஒரு வகை. எத்தனை முறை போனாலும் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று இழுப்பவை மற்றொரு வகை. இலங்கையின் பெருநகரமாகிய கொழும்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அந்நகரை 2018, 2019, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அயல்நாட்டு ஊர் ஒன்றின்மீது ஒருவனுக்குப் பற்று எப்படி உண்டாகிறது, அதற்கு அவ்வூரின் எந்தெந்தப் பகுதிகள் காரணமாகின்றன என்பதை நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் போன காரணத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் அப்பாயி, அதாவது தந்தையின் தாயார், நுவரெலியாவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. பின்னர் 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று கணக்குப் பிரித்தது. கணக்கில் அப்பாயியின் குடும்பம் இந்தியாவின் பக்கம் விழுந்தது. அவருடைய தங்கை மணந்த குடும்பம் இலங்கையின் பக்கம் விழுந்தது. ஒரே லயத்து வீட்டில் பிறந்த அக்காளும் தங்கையும் இரு நாட்டுக் குடிமக்களாயினர். அப்பாயி 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர்ப் பக்கம் வந்து மீண்டும் கொழுந்து பறித்தார். தங்கை, கணவருடன் மலையைவிட்டு இறங்கிக் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்குக் குடிபோனார்.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து அந்தச் சகோதரிகள் பார்த்துக்கொள்ள, அப்பாயி சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் அப்பாவும் அப்பாயியும் புறப்பட்டபோது, ஆங்கிலப் படிவங்களை நிரப்பத் தெரிந்தவன் என்ற தகுதியில் எட்டாம் வகுப்பு மாணவனாகிய நானும் சேர்க்கப்பட்டேன். அதன்பின் ஒரு திருமணம், ஒரு நோய், ஒரு கோடை விடுமுறை என்று பயணங்கள் தொடர்ந்தன. திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் அந்நாடு வந்துவிடுகிறது. நம் மலையிலிருந்து திருச்சிக்குப் போவதுதான் நெடும்பயணம்!

கடல் தந்த நகரம்

கொழும்பு அரசர்கள் கட்டிய நகரன்று. கப்பல்கள் கட்டிய நகரம். 14ஆம் நூற்றாண்டில் வந்த அரபுப் பயணி இபின் பதூதா இதனைக் ‘கலன்பு’ என்று குறிக்கிறார். 1505இல் போர்த்துக்கீசியர் இத்தீவுக்கு வந்தனர். 1656இல் அவர்களிடமிருந்து டச்சுக்காரர்களும், 1796இல் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயரும் கொழும்பைப் பறித்தனர். மூவரையும் இழுத்து வந்த பொருள்களில் முதன்மையானது ஒரு மரத்தின் பட்டை. ஆம், நாம் பிரியாணிக்குப் போடும் பட்டைக்கு நெருங்கிய உறவான கறுவா! ‘சின்னமோமம் வெரம்’ என்னும் தாவரவியற் பெயருடைய அம்மரத்தின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு, உட்பட்டையை உரித்துச் சுருள் சுருளாக உலர்த்தி எடுப்பதே உண்மையான கறுவா. டச்சுக்காரர்கள் அதனைத் தோட்டமாகப் பயிரிட்ட இடம் இன்று செல்வர்கள் வாழும் பகுதி. மரங்கள் போய்விட்டன, ‘கறுவாத்தோட்டம்’ என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

இதுபோலப் பெயர் நிற்க, பொருள் மறைந்த இடங்கள் கொழும்பில் பல. ‘கோட்டை’ என்ற பகுதியில் கோட்டை இல்லை. மதில்களை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டனர். அடிமைகளை டச்சுக்காரர் அடைத்து வைத்த இடத்தை ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று வழங்கினர். தமிழில் அது கொம்பனித்தெரு. ஊர்ப் பெயர்களைக் கேட்டு நடந்தாலே பாதி வரலாறு படித்ததாகிவிடும்.

ஒரு காலத்தில் இத்தீவின் முதன்மைத் துறைமுகம் தெற்கேயுள்ள காலி. கொழும்பு திறந்த கடல். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கப்பல்கள் அங்கே அமைதியாக நிற்க இயலாது. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்து ஆசியாவின் கப்பல் வழி மாறியது. 1875இல் அடிக்கல் நாட்டி, 1885இல் முடிக்கப்பட்ட அலைத்தடுப்புச் சுவர் கொழும்பின் தலையெழுத்தை மாற்றிற்று. காலியின் காலம் முடிந்தது; கொழும்பின் காலம் தொடங்கியது. சுவர் ஒன்று அலையை மறித்ததால் மாநகரம் ஒன்று வளர்ந்தது என்பது அறிவியல் மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

கப்பல்கள் வந்த இடத்துக்குப் பல நாட்டாரும் வந்தனர். 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் ஏறத்தாழ 5,60,000 பேர் இருந்தனர். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவரில் எவரும் அங்கே பாதிக்குமேல் இல்லை. நாடாளுமன்றம் 1982இல் அருகிலுள்ள ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைக்கு மாறிவிட்டது. ஆயினும் வணிகத்துக்கும் வாழ்வுக்கும் தலைநகர் கொழும்புதான்.

புறக்கோட்டை

முதல் பயணத்தில் என்னைப் பிடித்துக்கொண்ட இடம் புறக்கோட்டை. கோட்டைக்குப் புறத்தே இருந்ததால் அப்பெயர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பெட்டா’ என்பது நம் ‘பேட்டை’யே. பேருந்து நடத்துநர்கள் ‘பிடகொட்டுவ, பிடகொட்டுவ’ என்று கூவுவது சிங்களம். அதற்கும் கோட்டைக்கு வெளியே என்பதுதான் பொருள். மூன்று மொழியிலும் ஒரே இடம்.

இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். செட்டியார் தெருவில் நகைக்கடைகள் வரிசையாக மின்னுகின்றன. கெய்சர் வீதியில் துணி. கபோஸ் ஒழுங்கையில் மூலிகையும் வேரும் சூரணமும். தாவரவியல் மாணவன் அங்கே அரைநாள் நிற்கலாம், நின்றேன். முதலாம் குறுக்குத் தெருவில் மின்பொருள்கள். நான்காம் குறுக்குத் தெருவில் அரிசி, வெங்காயம், பருப்பு, செத்தல் மிளகாய் ஆகியவற்றின் மொத்த வணிகம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறிக் கோடிட்ட பள்ளிவாசல் ஒன்று மிட்டாய்ப் பொம்மைபோல் எழுந்து நிற்கிறது. ஜாமிஉல் அல்பார் என்ற அப்பள்ளிவாசலை இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்தனர். சற்றுத் தள்ளிப் பார்சிக் குடும்பத்தார் எழுப்பிய கான் மணிக்கூண்டு. மேட்டின்மேல் டச்சுக்காரர் 1757இல் வழிபாட்டுக்குத் திறந்த வுல்பெண்டால் தேவாலயம். கொச்சிக்கடைப் பக்கம் திரும்பினால் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயில். அத்தனையும் நடந்து பார்க்கும் தொலைவில்!

என் சித்தப்பா, அதாவது சின்ன அப்பாயியின் மகன், நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறார். அவருடைய தந்தை அதே தெருவில் மூட்டை தூக்கியவர். முதல் நாள் சித்தப்பா என்னிடம், “எங்கப்பா இந்தத் தெருவுல இருபது வருசம் நாட்டாமையா இருந்தாரு, தம்பி” என்றார். நம் ஊரில் நாட்டாமை என்றால் ஊர்ப் பெரியவர். ஆலமரத்தடியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்பவர். புறக்கோட்டையிலோ தலையிலும் முதுகிலும் மூட்டை சுமக்கும் தொழிலாளிக்கு அப்பெயர். சிங்களவரும் அவர்களை ‘நாட்டாமி’ என்றே அழைக்கின்றனர். லாரியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டையும் அவர்கள் தோள்மீது ஏறியே கடைக்குள் போகிறது. இரட்டைச் சக்கரத் தள்ளுவண்டியைக் கூட்டத்தினூடே கொண்டுசெல்லும்போது அவர்கள் எழுப்பும் குரலுக்குக் காரில் வரும் செல்வரும் ஒதுங்குகிறார். அந்தத் தெருவில் உண்மையான அதிகாரம் யாருக்கு என்று பார்த்தால், அந்தப் பெயர் பொருத்தமானது என்றே எனக்குப் படுகிறது.

பேச்சும் சோறும்

இரண்டாவது பயணத்தில் காது திறந்தது. சிங்களத்தில் தமக்கையை ‘அக்கா’ என்கிறார்கள். தமையனை ‘அய்யா’ என்கிறார்கள். தம்பிக்கு ‘மல்லி’, தங்கைக்கு ‘நங்கி’. பேருந்து நடத்துநர் என்னை ‘மல்லி’ என்று விளித்தபோது, முன்பின் தெரியாதவனைத் தம்பி ஆக்கிக்கொள்ளும் அந்த வழக்கம் நம்முடையதைப் போலவே இருந்தது. கடையைச் சிங்களத்தில் ‘கடே’ என்கிறார்கள். கொழும்புத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்றும் காலணியைச் ‘சப்பாத்து’ என்றும் சொல்வது போர்த்துக்கீசியம். அலுவலகத்தை மூத்தோர் ‘கந்தோர்’ என்பது டச்சு. சிரிக்க வேண்டாம் நண்பர்களே! நாம் நாள்தோறும் சொல்லும் சன்னல், மேசை, சாவி, அலமாரி ஆகியவையும் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றவைதாம்.

உணவும் அவ்வாறே. காலையில் இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். மாலையில் பேக்கரியில் மீன் அடைத்த முக்கோண ‘மாலு பாண்’. டச்சு வழிவந்த பறங்கியர், சோற்றையும் கறிகளையும் வாழையிலையில் பொதிந்து சூடேற்றும் ‘லம்பிரைஸ்’. முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்த வட்டலப்பம். இரவானால் ஊர் முழுவதும் ஒரே தாளம்: சூடான கல்லின்மேல் இரண்டு தகடுகளால் ரொட்டியைக் கொத்தும் ஓசை. கொத்து ரொட்டிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாளக்கட்டு உண்டு. கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டில் படுத்துக்கொண்டே, எந்தக் கடையில் அடுப்பு எரிகிறது என்று ஓசையைக் கொண்டே சின்ன அப்பாயி சொல்லிவிடுவார்.

ஒரு நகரத்துக்கு வந்தவர்கள் யார் என்று அறிய அங்குள்ள அகராதியையும் அடுக்களையையும் பார்த்தால் போதும். கொழும்பில் அவை இரண்டிலும் கடல் கடந்து வந்த எல்லாரும் இருக்கிறார்கள்.

ஒரு கல், மூன்று மொழிகள்

1877இல் ஆளுநர் கிரிகரி காலத்தில் தொடங்கப்பட்ட கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்துக்கு மூன்றாவது பயணத்தின்போது போனேன். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. சீனத்தின் மிங் பேரரசுக் கடற்படைத் தலைவர் செங் ஹெ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டு நாளிட்டது. காலியில் 1911இல் கிடைத்தது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். மூன்றும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று என்று எண்ணிவிடக் கூடாது. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவான தெனவரை நாயனாருக்குச் செலுத்துகிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. கடல் வணிகத்தில் இறங்கும் பேரரசு, அந்தக் கரையில் யார் யார் இருக்கிறார்களோ அவரவர் தெய்வத்தை அவரவர் மொழியில் வணங்கிவிட்டே காலடி வைத்திருக்கிறது.

அந்தக் கல்லின் முன் நெடுநேரம் நின்றேன். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சீனத் தளபதிக்குப் புரிந்த செய்தி, 1956இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றியவர்களுக்குப் புரியாமற் போயிற்றே என்று தோன்றியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. இடைப்பட்ட முப்பத்தோர் ஆண்டுகளுக்கு அந்நாடு கொடுத்த விலை பெரிது.

அருங்காட்சியகத்திலிருந்து பேரை ஏரிக்குப் போனால், நீரின் நடுவே ‘சீமா மாலகம்’ என்ற பௌத்தத் தவமண்டபம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1970களில் வடிவமைத்தது. மறைந்த தம் மகன் நினைவாக அதற்குப் பொருளுதவி செய்தவர் ஒரு முஸ்லிம் வணிகர். கொழும்பின் இயல்பு இதுதான் என்று அங்கே நின்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் நகரின் மற்றொரு முகத்தையும் பார்த்தபின் சொல்வதே நேர்மை.

நகரின் காயங்கள்

1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் 13 படைவீரர் கொல்லப்பட்டனர். மறுநாள் இரவு கொழும்பில் பொரளையில் வன்முறை தொடங்கியது. அடுத்த சில நாள்களில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை என்று தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு அடையாளம் கண்டு வந்தனர் என்பது பதிவான செய்தி. நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். பல்லாயிரவர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் அகதிகளாக அடைக்கலம் புகுந்தனர்.

சின்ன அப்பாயியும் அந்த அகதிகளில் ஒருவர். முதல் இரண்டு இரவும் அவரையும் பிள்ளைகளையும் பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் அரிசி மூட்டைகளுக்குப் பின்னே ஒளித்துவைத்தது. மூன்றாம் நாள் வீடு எரிந்தது. மூன்று வாரம் முகாமில் இருந்துவிட்டு, எரிந்த அதே இடத்துக்குத் திரும்பினார். 2023இல் அவர் நோயுற்றுப் படுத்திருந்தபோது, ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். “போறதுக்கு வேற ஊரு எங்க இருக்கு, சொல்லு? அவரு தூக்குன மூட்டையெல்லாம் இந்தத் தெருவுலதான கெடந்துச்சு” என்றார். கேட்டுக்கொண்டிருந்த அப்பாயி, “எனக்கு ஊரு இருக்குன்னு சொல்லித்தான் கப்பல் ஏத்துனானுங்க. எறங்குன எடத்துல யாரத் தெரியும் எனக்கு?” என்றார். போனவள் பட்டது அதிகமா, இருந்தவள் பட்டது அதிகமா என்று அந்தச் சகோதரிகள் அன்று மாலை முழுவதும் பேசிக்கொண்டிருந்தனர். விடை எதுவும் வரவில்லை. பிறகு இருவரும் தேநீர் குடித்தனர்.

காயம் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1996 ஜனவரி 31 அன்று விடுதலைப்புலிகள் மத்திய வங்கியின் வாயிலில் வெடிக்கச் செய்த லாரிக் குண்டால் 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். போர் 2009 மே மாதம் முடிந்தது. பத்தாண்டு அமைதிக்குப் பின் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, தற்கொலைக் குண்டுதாரிகள் தேவாலயங்களையும் விடுதிகளையும் தாக்கி 260க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். தாக்கப்பட்டவற்றுள் ஒன்று சித்தப்பா வீட்டுக்கு அருகிலுள்ள கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம்.

அந்தத் தேவாலயம் 2019 ஜூன் 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நாங்கள் திருமணத்துக்குப் போயிருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்குரிய நாள், சின்ன அப்பாயி எங்களை அங்கே அழைத்துச் சென்றார். வாயிலில் துப்பாக்கியுடன் காவல். பைகளைத் திறந்து பார்த்தனர். உள்ளே வரிசையில் குங்குமப் பொட்டு வைத்தவர்களும் இருந்தனர். கையில் பௌத்தர்கள் கட்டும் வெண்ணூல் கட்டியவர்களும் இருந்தனர். எல்லாரும் மெழுகுவத்தி பிடித்து நின்றனர். அதே வாரம் சித்தப்பாவின் கடைத்தெருவில், முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற பேச்சும் இருந்தது. சித்தப்பாவின் முதலாளி ஒரு முஸ்லிம். வாடிக்கை குறைந்ததால் அவ்வாண்டு ஆட்களை நிறுத்த வேண்டிய நிலை வந்தது. அவர் ஒருவரையும் நிறுத்தவில்லை. திருமணத்துக்கு வட்டலப்பம் அவர் வீட்டிலிருந்தே வந்தது.

இதையெல்லாம் அறிந்தபின் அந்நகர்மீது இருந்த பற்று குறைந்ததா என்று கேட்டால், இல்லை. அது வேறு தன்மை அடைந்தது. கண்ணைக் கவரும் ஊரை விரும்புவது எளிது. அங்கே நடந்த கொடுமையின் ஆண்டும் நாளும் தெரிந்தபின்னும் விரும்ப முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அங்கே வாழ்ந்து காட்டிய மனிதர்கள்.

காலி முகத்திடல்

மாலை வேளையில் கொழும்பு முழுவதும் ஓரிடத்துக்கு நடக்கிறது. கோட்டைக்குத் தெற்கே கடலோரமாக நீண்டு கிடக்கும் புல்வெளி அது. ஆளுநர் ஹென்றி வார்டு 1859இல் அமைத்து முடித்த காலி முகத்திடல். நுழைவுக் கட்டணம் இல்லை. வண்டிக்காரர்கள் இறாலை முழுதாக மேலே பதித்த வடை சுட்டு விற்கின்றனர். பிள்ளைகள் காற்றாடி விடுகின்றனர். குடைக்குள் தலை மறைத்து அமர்ந்திருக்கும் காதலர்கள், தொழுகை முடித்து வந்த குடும்பங்கள், காவியுடைப் பிக்குகள், வேலை முடித்து வந்த நாட்டாமைகள் எல்லாரும் ஒரே காற்றை வாங்குகின்றனர். ஒருபுறம் 1864இல் திறந்த பழைய விடுதி; மறுபுறம் கடலைத் தூர்த்து 269 ஹெக்டேரில் உண்டாக்கிய துறைமுக நகரம்; பின்னே 2022இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரம். பணமுள்ளவர் பார்க்கும் அதே சூரியன் மறைவைப் பணமில்லாதவரும் பார்க்கும்படி ஓர் இடத்தை விட்டுவைத்திருக்கும் நகரம் வாழும் நகரம்.

இத்திடல் வெறும் பொழுதுபோக்கு இடமுமன்று. 2016 பிப்ரவரி 4 அன்று இங்கே நடந்த சுதந்திர தின விழாவில், 1949க்குப் பின் முதன்முறையாக நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது. 2020இல் அது நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, ஏப்ரல் 9 முதல் இளைஞர்கள் இத்திடலில் கூடாரம் அடித்துப் போராடினர். கூடாரங்களுக்கு நடுவே ஒரு நூலகமும் வைத்தனர். மே 18 அன்று, போரில் மாண்ட தமிழ் மக்களை நினைத்து அங்கே அஞ்சலி செலுத்தினர். தெற்கின் இளைஞர்கள் தலைநகரின் நடுவிடத்தில் அதைச் செய்தது புதுமை. ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவர் கோத்தபாய ராஜபக்ச பதவி விலகினார். ஜூலை 22 அதிகாலையில் படையினர் கூடாரங்களைப் பிடுங்கினர். நாங்கள் 2023இல் போனபோது புல் மீண்டும் முளைத்திருந்தது. “இந்த எடத்துலதான் தம்பி, எங்க பக்கத்து வீட்டுச் சிங்களப் பையன் மூணு மாசம் படுத்துக் கெடந்தான், நான் சனிக்கிழமையானா சோத்துப் பார்சல் கொண்டாந்து குடுப்பேன்” என்று சித்தப்பா ஒரு மூலையைக் காட்டினார்.

திடலிலிருந்து வீடு திரும்பாமல் ஒருநாள் கோட்டை நிலையத்தில் தெற்கு நோக்கிப் புறப்படும் ரயிலில் ஏறுங்கள். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று ஒவ்வொரு நிலையமும் கடலின் விளிம்பிலேயே இருக்கிறது. அலை உயரும்போது துளிகள் பெட்டிக்குள் வந்து விழுகின்றன. வேலை முடிந்த கூட்டம் படிக்கட்டில் தொங்குகிறது. ஒருவர் பாட, நால்வர் பெட்டியின் பலகையில் தாளம் போடுகின்றனர்.

முடிவுரை

நம் ஆசிரியர்களில் மூத்தோருக்குக் கொழும்பு என்றால் இலங்கை வானொலி நினைவுக்கு வரும். மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் கடல் தாண்டி நம் வீடுகளுக்குள் வந்த காலம் அது. அதற்குப் பிந்திய தலைமுறைக்குக் கொழும்பு என்றால் 1983. இரண்டும் உண்மையே. இரண்டுக்கும் இடையிலும் அப்பாலும் ஒரு நகரம் நாள்தோறும் கடை திறந்து, மூட்டை இறக்கி, கொத்து ரொட்டி கொத்திக்கொண்டு இருக்கிறது.

ஓர் அயல் நகரை அறிய ஒரு பயணம் போதாது. முதற்பயணம் கண்ணுக்கு உரியது. அடுத்தது காதுக்கு உரியது. அதன் வரலாற்றை ஒரு கல்லின் முன்போ ஒரு மூதாட்டியின் கட்டிலருகிலோ கேட்டபிறகே, அந்த ஊரை நமக்குத் தெரியும் என்று சொல்லும் துணிவு வருகிறது. ஆகவே வெளியூரோ வெளிநாடோ போகும் வாய்ப்புக் கிட்டும் நண்பர்கள் புதிய புதிய ஊர்களை எண்ணிக்கையாகச் சேர்ப்பதைவிட, ஓர் ஊருக்கு மீண்டும் மீண்டும் போய்வரலாம் என்பதே என் பரிந்துரை. அவ்வூர் மொழியில் பத்துச் சொற்களேனும் கற்றுக்கொண்டு போங்கள். ‘அக்கா’ என்ற சொல்லை மட்டும், கொழும்புக்குப் போவதாயின், புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

சின்ன அப்பாயி இப்போது எழுந்து நடமாடுகிறார். 2026ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், கதிரேசன் கோயிலின் வேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து புறப்படுவதைக் காண அப்பாயியையும் என்னையும் வரச்சொல்லியிருக்கிறார். அப்பாயி அடுத்த சீட்டுக்குப் பணம் கட்டத் தொடங்கிவிட்டார்.